இரட்டைக்கோட்டு அம்பு

பெங்களூரில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியின் நேர்முகத் தேர்வில் என்னைக் கவிழ்த்தது பென்சோகெயின். பல்வலிக்கும் வாய்ப்புண்ணுக்கும் தடவுகிற ஜெல்லில் இருக்கிற, இடத்தை மரத்துப்போக வைக்கிற சாதாரண மருந்து. எதிரில் இருந்தவர் ஒரு வெள்ளைத் தாளில் அதை வரைந்தார். ஓர் அறுகோண வளையம், ஒரு முனையில் அமினோ, நேர் எதிர் முனையில் எஸ்டர். அவ்வளவுதான். "இதை எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டுப் பேனாவை என் பக்கம் உருட்டினார்.

எம்.எஸ்ஸி. வேதியியலில் எனக்கு நல்ல மதிப்பெண். வினைகளெல்லாம் மனப்பாடம். டொலுயீனிலிருந்து தொடங்கினேன். அதிலிருக்கும் மெத்திலை அமிலமாக மாற்றினேன். அதன் பிறகு வளையத்தில் நைட்ரோவை ஏற்றினேன். நைட்ரோவைப் பின்னால் அமினோ ஆக்கிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

"நைட்ரோ எங்க போய் உக்காரும்?" என்றார் அவர்.

கேட்ட நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வளையத்தில் அமிலம் இருந்தால் அது நைட்ரோவை எதிர் முனைக்கு விடாது, பக்கவாட்டில் தள்ளிவிடும். கல்லூரித் தேர்வில் எத்தனையோ முறை எழுதிய விஷயம். "மெட்டா, சார்" என்றேன்.

"உங்களுக்கு வேண்டியது?"

"பாரா. எதிர் முனை."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நன்றி சொன்னார். நான் வெளியே வந்தேன்.

எனக்கு அடுத்து உள்ளே போனவள் என் தோழி. தர்மபுரியில் ஒரே வகுப்பில் படித்தோம். நகருக்குள் அவளுடைய அப்பா பஞ்சு மெத்தை செய்து விற்கும் கடை வைத்திருக்கிறார். அவளிடமும் அதே தாளைத்தான் நீட்டியிருக்கிறார்கள். அவள் சரியாகச் செய்துவிட்டாள். ஆனால் இங்கேயே விடுதியில் தங்கி ஷிஃப்டில் வேலை பார்ப்பீர்களா என்று கேட்டதும், வீட்டில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதோடு முடிந்தது. இருவரும் ஒரே பேருந்தில் திரும்பினோம்.

ஓசூர் தாண்டியாயிற்று. என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"சும்மா இருடி. சீட்டே ஆடுது."

"நீ எப்படிப் போட்ட?"

அவள் பேருந்து டிக்கெட்டின் பின்பக்கம் வரைய ஆரம்பித்தாள். அவள் டொலுயீனிலிருந்து தொடங்கவே இல்லை. பென்சோகெயினை முதலில் வரைந்தாள். அதிலிருந்து இரண்டு கோடு போட்ட அம்பு ஒன்றை இழுத்தாள். சாதாரண அம்பு, இது அதுவாகிறது என்று சொல்லும். இரட்டைக்கோட்டு அம்பு, இது அதிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லும். கடைசி ஆண்டில் ஒரு பாடமாக அது எங்களுக்கு வந்தது. தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்டோம். நான் விட்டேன், அவள் விடவில்லை போலிருக்கிறது.

"மொதல்ல எஸ்டரை வெட்டு. அமிலம் வருதா? அமினோ எங்கிருந்து வந்திருக்கும்? நைட்ரோவுல இருந்து. அமிலம் எங்கிருந்து? மெத்தில்ல இருந்து. இப்ப கேளு, நைட்ரோ ஏறும்போது அங்க யார் இருந்தா அது எதிர்ல போய் உக்காரும்?"

"மெத்தில்."

"அவ்ளோதான். மெத்திலை மெத்திலாவே வச்சுக்கோ. நைட்ரோ ஏறினப்புறம் அமிலமாக்கு."

காரிமங்கலத்தில் நான் இறங்கினேன். பேருந்து அவளோடு தர்மபுரிக்குப் போயிற்று. ஊருக்குள் போகும் மினி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏற மனமில்லை. நடந்தே போனேன். எனக்குத் தெரியாதது அதில் ஒன்றுமே இல்லை, தொடங்கிய முனைதான் தப்பு என்பது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் மாந்தோப்பு. நான் பள்ளியிலிருந்து வந்ததும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். ஒரு நாள் அம்மா கையிலிருந்த கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏம் புள்ள, வூட்டுக்கு வந்தா ஒரு எடத்துல உக்கார மாட்டியா? எம்பட கண்ணு வலிக்குது உன்னப் பாத்து."

"வேலை போச்சும்மா."

"பள்ளிக்கூடத்துலயா?"

"இல்ல. கிடைக்காத வேலை."

அம்மா ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனாள்.

அந்த நாட்களில் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்ட ஆரம்பித்தேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து, பின்னால் இருக்கும் பெயரைக் கைப்பேசியில் தேடி, அமைப்பை வரைந்து, எந்தப் பிணைப்பை உடைத்தால் சின்னத் துண்டுகளாக வரும் என்று பார்த்தேன். அது சுலபமாக உடைந்தது. அப்பாவின் பிரஷர் மாத்திரை உடையவில்லை. காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து, தக்காளிக்கு அடிக்கும் பூச்சி மருந்து டப்பா, எதையும் விடவில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் மருந்துக் கடையில் நின்று அட்டைகளைப் படம் பிடிப்பேன். கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"என்னங்க டீச்சர், நீங்க மருந்து ஆபீசரா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் தர்மபுரிக்குப் போவேன். மெத்தைக் கடைக்கு மேலே ஓர் அறை. மடித்த மெத்தை உறைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பஞ்சுத் தூசி மிதந்துகொண்டே இருக்கும். அவளுடைய அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மகளிடம் உருதுவில் ஏதோ கடிந்துவிட்டு, என்னிடம் தமிழில் சிரித்துவிட்டுப் போவார். பழைய பாடப்புத்தகம் ஒன்று, கைப்பேசியில் வீடியோக்கள், இவைதான் எங்களுக்குக் கிடைத்த வாத்தியார். வழியில் ஒருவர் சிக்கிக்கொண்டால் அடுத்தவர் எடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம்.

என் கையில் எப்போதும் அவசரம் இருந்தது. ஒரு மூலக்கூறைப் பார்த்ததும் நடுவில் ஒரு கோட்டைப் போட்டு வெட்டிவிடுவேன். கிடைத்த இரண்டு துண்டையும் மறுபடி வெட்டுவேன். தாள் நிறைந்துவிடும். அவள் அப்படியல்ல. பேனாவை மூடியே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்ப்பதை என்னால் பார்க்க முடியாது. எழுந்து சன்னலுக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் அதில் சண்டையே வந்துவிட்டது.

"நீ வெட்டறதுக்காக வெட்டற" என்றாள். "வெட்டுன துண்டு கடைல கிடைக்குமான்னு பாக்கவே மாட்டேங்கிற. இது யாருக்குக் கிடைக்கும்? இத செய்யறது நம்ம மொதல்ல வரைஞ்சதைவிடக் கஷ்டம்."

"நீ பாத்துட்டே இருந்தா மட்டும் செஞ்சுருமா?"

"பாக்காம வெட்டுனா?"

"உனக்கென்ன, நீ சரியாச் சொல்லியும் வேண்டாம்னு வந்தவ. எனக்கு வெளிய போகணும்."

அவள் முகம் மாறியது. டீ ஆறிப்போனது. கீழே அவளுடைய அப்பா யாருடனோ பஞ்சின் தரத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தார். அவள் தாளை என் பக்கம் திருப்பினாள். "நானும் வேண்டாம்னு சொல்லலடி. கேட்டுச் சொல்றேன்னேன். ரெண்டும் ஒண்ணில்ல."  பிறகு தாளில் இருந்த வளையத்தைப் பற்றிப் பேசினோம்.

என் ஜாதகத்தில் ஏதோ தடை இருப்பதாக யாரோ சொல்லி, அம்மா என்னைத் தீர்த்தமலைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். படி ஏறும்போது எனக்குள் ஒரு மூலக்கூறு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கீட்டோன், ஓர் எஸ்டர். எஸ்டரை ஆல்கஹாலாக மாற்ற வேண்டும், கீட்டோன் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் எந்த ரசாயனத்தை ஊற்றினாலும் அது முதலில் பாய்வது கீட்டோன் மேல்தான். அந்த வாரம் முழுக்க நான் வரிசையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாறையிலிருந்து தீர்த்தம் விழும் இடத்தில் கூட்டம். அம்மா தன் கைப்பேசியை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டாள். வாயை இறுக முடிச்சுப் போட்டாள். முந்தானையில் செருகிக்கொண்டு தண்ணீருக்கடியில் போய் நின்றாள். தலை நனைந்தது, சேலை நனைந்தது. வெளியே வந்து பையைப் பிரித்துக் கைப்பேசியை எடுத்து அத்தைக்குப் போன் போட்டாள்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கீட்டோனை மூடிவை. மூடியைப் போடு, எஸ்டரை மாற்று, மூடியை எடு. புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே அதுதான். படித்திருந்தேன். எனக்கு அது வேண்டியபோது நினைவில் வராமல், ஈரப்பாறையில் நின்றபோதுதான் வந்தது. விரலால் பாறையில் வரைந்து பார்த்தேன். தண்ணீர் அழித்தது, மறுபடி வரைந்தேன்.

"தள்ளுங்க, வேண்டிக்கிட்டா வெளிய வாங்க" என்றார் பின்னால் நின்ற பெண்.

"சாமி கண்ண தொறந்துருச்சாக்கும்" என்றாள் அம்மா, என் சிரிப்பைப் பார்த்து. நான் மறுக்கவில்லை.

எனக்கு வரன் அமையவில்லை. தோழிக்கு அமைந்துவிட்டது. மாப்பிள்ளை வாணியம்பாடியில். அவர்கள் வீட்டுக்குத் தோல் தொழிற்சாலைகளோடு வியாபாரம். மெத்தைக் கடை அறையில் அவள் அதைச் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "ஞாயித்துக்கிழமை?" என்பதுதான். அவள் தோளைக் குலுக்கினாள். அன்று நாங்கள் ஒரு மூலக்கூறையும் வெட்டவில்லை.

நிக்காஹ்வுக்கு முந்தின நாள் பிற்பகல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்கப் பெண்கள். அவள் தலையணையில் சாய்ந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை மருதாணி, இன்னும் ஈரம். என்னைப் பார்த்ததும், "கொண்டாந்தியா?" என்றாள்.

கொண்டுபோயிருந்தேன். எனக்குள் நாட்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்த ஒன்று. ஓர் ஆறுமூலை வளையம், அதில் அடுத்தடுத்து இரண்டு எஸ்டர், ஒரே பக்கம் பார்த்து. நான் எங்கே வெட்டினாலும் வளையம் அவிழ்ந்து நீளமான, யாரும் விற்காத சங்கிலியாக ஆயிற்று. தாளை அவள் முன்னால் பிடித்தேன். அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பக்கத்திலிருந்த சின்னம்மா ஒருவர், "இது என்ன, மெகந்தி டிசைனா?" என்று கேட்டார்.

"ஒரு பிணைப்பை மட்டும் வெட்டாத" என்றாள் தோழி. "ரெண்டையும் ஒண்ணா வெட்டு."

"ரெண்டை ஒண்ணா வெட்டணும்னா வளையத்துல இரட்டைப் பிணைப்பு இருக்கணுமேடி. இதுல இல்லையே."

"இல்லைன்னா போட்டுக்க."

"எப்படிப் போடறது?"

"நம்ம பின்னாடிதான போறோம்? இப்ப போடு. செய்யும்போது கடைசில ஹைட்ரஜன் ஏத்தி எடுத்துரலாம். எஸ்டருக்கு நேரா எதிர்ல போடு... அங்க இல்ல, அந்தப் பக்கம்."

கையை அசைக்க முடியாமல் மூக்கால் சுட்டிக்காட்டினாள். நான் அவள் சொன்ன இடத்தில் ஒரு கோடு சேர்த்தேன். வளையம் கண்முன்னே இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் எந்த ரசாயனக் கடையிலும் வாங்கக் கிடைப்பவை. சின்னதாக்குவதற்கு முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியிருக்கவே முடியாது. நான் எப்போதும் குறைத்துக்கொண்டே போகிறவள்.

ஆர்வத்தில் அவள் முன்னால் சாய, விரல் தாளில் பட்டது. மருதாணி ஓரிடத்தில் இழுவிவிட்டது. அவளுடைய அம்மா பார்த்துவிட்டார்.

"அல்லாவே! நாளைக்கு நிக்காஹ், இன்னிக்கும் பாடமா? ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா?"

"நான்தான் கெடுத்தேன், அம்மா."

அவர் திட்டிக்கொண்டே மருதாணிக் கோனை வாங்கி இழுவிய இடத்தை ஒரு பூவாகத் திருத்தினார். தோழி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள்.  நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை. பேருந்தேறி கிருஷ்ணகிரிவரை போய்த் திரும்புவேன். சும்மா. மடியில் தாள். பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவளுக்குப் படம் எடுத்து அனுப்புவேன். சில சமயம் உடனே பதில் வரும், சில சமயம் வாரம் கழித்து, "இன்னிக்குத்தான் பாத்தேன், வூட்ல ஆளுங்க" என்று. நான் அவளைப்போல வெட்டுவதற்கு முன் பார்க்கப் பழகிக்கொண்டேன். உட்கார்ந்து அல்ல, நடந்துகொண்டே. மாந்தோப்புக்குள் தாளைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அப்பா ஒருமுறை வரப்பில் நின்று, "பாத்து நட கண்ணு, பாம்பு கீம்பு கெடக்கும்" என்றார். அவர் அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை. ஆனால் அம்மா அடுத்த ஜாதகத்தை எடுத்தபோது, "இந்த வருசம் விடு, அது என்னமோ படிக்குது" என்று சொன்னவரும் அவர்தான்.

ஓசூரில் வேறொரு கம்பெனியின் அழைப்பு வந்தது. போனேன். இந்த முறை வெள்ளைப் பலகை. நேர்முகம் செய்த பெண்மணி ஒரு பெரிய மூலக்கூறை வரைந்தார். நான் மார்க்கரை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் கால் ஆடத் துடித்தது. அவர், "டைம் எடுத்துக்கோங்க" என்றார். பிறகு இரட்டைக்கோட்டு அம்பு ஒன்றைப் போட்டேன், அதன் கீழே இன்னொன்று. இரண்டு வழி வந்தது.

"எதைச் செய்வீங்க?"

"இது சின்ன வழி, மேடம். ஆனா நான் நீளமானதைத்தான் செய்வேன். சின்னதுல இந்தத் துண்டு ரெண்டு எடத்துல வினைபுரியும். பிரிச்சு எடுக்கவே ஆயுசு போயிரும்."

அவர் சிரித்தார். வேலை கிடைத்தது.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஓசூரில் ஒரு விடுதி அறை, வெள்ளைக் கோட்டு, பாதுகாப்புக் கண்ணாடி. வழியைத் திட்டமிடுவது வேறு யாரோ. மேலிருந்து தாள் வரும். முதல் படி இது, அடுத்தது இது. நான் எடை போட வேண்டும், கலக்க வேண்டும், கழுவ வேண்டும், சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாகப் பிரிக்க வேண்டும். மாதக்கணக்கில் அதுதான். எல்லாத் தாளையும் தலைகீழாகப் படித்தேன், கடைசிப் படியிலிருந்து. ஏன் இங்கே வெட்டினார்கள், ஏன் அங்கே வெட்டவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. அவளிடம் மட்டும் சொன்னேன், அதுவும் கம்பெனி ரகசியம் என்பதால் மூலக்கூறைக் காட்டாமல். "முகத்தைக் காட்டாம பொண்ணு பாக்கச் சொல்ற மாதிரி இருக்கு" என்றாள்.

ஒரு திட்டத்தில் நடுவில் ஓர் ஆல்டிஹைடு வந்தது. குடுவையில் நன்றாக வரும். எடுத்து வைத்தால் மறுநாள் மஞ்சளாகும், அப்புறம் பிசினாகும். அடுத்த படிக்கு அது போய்ச் சேருவதே இல்லை. எங்கள் குழுத் தலைவர் ஆந்திரப் பக்கத்துக்காரர். குளிரில் வைக்கச் சொன்னார், காற்றுப் படாமல் நைட்ரஜனுக்கடியில் வைக்கச் சொன்னார். பிசின்தான். எல்லோரும் அதைக் காப்பாற்றப் பார்த்தார்கள். நான் நடைபாதையில் போய்வந்துகொண்டிருந்தேன். அதை ஏன் வைக்க வேண்டும்? வைத்தால்தானே கெடும்?

தலைவரின் மேசைக்குப் போய் நின்றேன்.

"சார், ஆல்டிஹைடா வச்சுக்க வேண்டாம். ஒரு படி பின்னாடி ஆல்கஹாலாவே விட்ரலாம். அது கெடாது. அடுத்த படி செய்யற அன்னிக்குக் காலைல மட்டும் மாத்தி, உடனே போட்ரலாம்."

"ஒர்க்அப் செஞ்சு, கழுவிப் பிரிச்சு க்ளீன் பண்ண வேணாமா?"

"க்ளீன் பண்ற நேரத்துலதான் சார் கெடுது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சின்ன ஸ்கேல்ல பண்ணி காட்டுமா."

முதல் முறை வரவில்லை. மாற்றுவதற்குப் போட்ட ரசாயனத்தின் மிச்சம் அடுத்த படியைக் கெடுத்துவிட்டது. வேறு ரசாயனம் போட்டேன். குடுவைக்குள் கலவை சுழன்றுகொண்டிருந்த நேரம் முழுக்க நிற்க முடியாமல் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். பிறகு சிறு துளியைச் சிலிக்கா பூசிய தட்டில் ஏற்றி, அதிலிருப்பவை தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்ததும் புற ஊதா விளக்கின் கீழே பார்த்தேன். பழைய பொருளின் புள்ளி இல்லை. புதிய இடத்தில் ஒன்று, தனியாக. பக்கத்தில் அழுக்குப் புள்ளிகளும் இருந்தன. ஆனால் அது இருந்தது.

உணவு இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தைக் குரல்கள் கேட்டன. நாத்தனார் பிள்ளைகளாம்.

"வந்துருச்சுடி."

"எவ்ளோ வந்துச்சு?"

"சொல்ற மாதிரி இல்ல. பாதிக்கும் கம்மி."

"வந்துச்சுல்ல. மீதிய அப்புறம் பாரு." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "நானும் ஒண்ணு சொல்லணும். இங்க பெண்கள் காலேஜ்ல கெமிஸ்ட்ரிக்கு ஆள் கேட்டிருந்தாங்க. அவர்கிட்ட கேட்டேன். கேக்கறதுக்கு முன்னாடியே அப்ளிகேஷன் போட்டுட்டேன், அத மட்டும் சொல்லல. நேத்து ஆர்டர் வந்துச்சு."

நான் கேண்டீனில் நின்றபடியே கத்திவிட்டேன். தட்டு ஏந்தியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது அவள் அங்கே பாடம் எடுக்கிறாள். பிள்ளைகள் அவசரப்பட்டு வெட்டுகிறார்கள் என்று போனில் குறைபட்டுக்கொள்கிறாள். எங்கள் ஆய்வகத்தில் அந்தப் படியைத் தாளில் திருத்தி எழுதியாயிற்று. என் பெயர் அதில் இல்லை, வழக்கமில்லை. ஆனால் புதிய திட்டம் வரும்போது தலைவர் என்னையும் வழியைத் திட்டமிடும் பலகை அறைக்குக் கூப்பிடுகிறார். எல்லோரும் நாற்காலியில் உட்காருவார்கள். நான் சுவரோரம் நின்றுகொள்வேன்.

"உக்காருமா" என்பார் அவர்.

"பரவால்ல சார்" என்பேன்.